பொம்பளை மாத்திரை

மார்கழி மாதத்தில் ஒரு மனிதன் நெருப்போரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அந்த மாதம் காலையில் எல்லா வீட்டு முன்னாலும் ஒரு நெருப்பு எரியும். அதைச் சுற்றி ஆட்கள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் பெரியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். நெருப்போரம் இருந்தது அவள் புருஷன் சின்னராசு.

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு இரண்டு கைகளையும் அனலுக்கு நீட்டியிருந்தான். நெற்றி காய்ந்து கிடந்தது.

“குளுருதா?” என்றாள்.

“மார்கழில குளுராம? இன்னா கேள்வி இது.”

அவள் குடத்தை உள்ளே கொண்டுபோய் இறக்கினாள். போன மார்கழியில் இவனுக்குக் குளிரவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

போன மார்கழியில் அவனால் நெருப்புப் பக்கமே போக முடியவில்லை. பேசிக்கொண்டே இருப்பான். திடீரென்று மாரிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து தலைக்கும் ஒரு சூடு ஏறும். பனி விழுந்துகொண்டிருக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடிக்குப் போய்விடுவான். வேலூர் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். “இந்த மாத்திரைக்கு உடம்பு திடீர் திடீர்னு சூடாகும், வேர்க்கும். பயந்துபோய் நிறுத்திடக் கூடாது. தினம் ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு. நீங்களா நிறுத்தினா நோய் திரும்பி வர்றதுக்கு வழி விட்ட மாதிரி.”

பெரியம்மாளுக்கும் அது தீட்டு நிற்கிற வயசு. அவளுக்கும் அதே சூடு, அதே வேர்வை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரத்தடிக்கு வந்து சேர்ந்த காலைகள் உண்டு. அவள் முறத்தை எடுத்துத் தனக்கும் அவனுக்குமாக விசிறுவாள். “உனக்கு முடியப் போவுது, எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது,” என்று அவன் ஒருநாள் சொல்ல, சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருவரும் சிரித்தார்கள். நோய் வந்த பிறகு அவன் சிரித்தது அந்த மரத்தடியில் மட்டும்தான்.

இந்த மார்கழியில் அவள் மட்டும் எழுந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்தாள். முறம் அவள் பக்கமே வீசியது. உடம்பு மருந்துக்குப் பழகிப்போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பழகியது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்க வேண்டும். ஐப்பசி முழுக்கச் சட்டை நனைய வேர்த்தவன் மார்கழியில் கம்பளி தேடுகிறான். இடையில் இருந்தது கார்த்திகை மட்டும்.

வேர்வை நின்றால் மருந்து உள்ளே போகவில்லை. மருந்து போகாவிட்டால் அந்தக் கட்டி திரும்ப வரும். அவள் இரண்டையும் இப்படித்தான் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கட்டி முதலில் வந்தது ஒரு புளி உலுக்கும் காலத்தில். இடது மார்க்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் இருந்தது. மூட்டை உராய்ந்து வந்தது என்றான். பிறகு காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. பனியனில் கறை படிந்தது. பச்சிலை வைத்துக் கட்டினாள். சாமை அறுப்பு முடிகிறவரை அப்படியே போனது. கடைசியில் வேலூரில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்து, மார்பில் புற்றுநோய் என்றார்கள்.

“அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சுங்களே,” என்றான் சின்னராசு.

“ஆம்பளைக்கும் மார் இருக்குது இல்லைங்களா? அபூர்வமா வரும்,” என்றாள் டாக்டரம்மா. “பொம்பளைங்க உடம்புல ஊறுற ஒரு சுரப்பு எல்லா ஆம்பளை உடம்புலயும் கொஞ்சம் ஊறும். உங்க கட்டி அதைக் குடிச்சுத்தான் வளர்ந்திருக்கு. ஆபரேஷன் முடிஞ்ச பிறகு, கட்டிக்கு அது கிடைக்காம மறிக்க மாத்திரை தருவோம்.”

மடையை அடைத்தால் களைக்குத் தண்ணீர் போகாது என்று பெரியம்மாள் புரிந்துகொண்டாள். சின்னராசு என்ன புரிந்துகொண்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது மாரை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள், கரண்ட் என்று சொல்கிற கதிர் வைத்தார்கள். காத்திருக்கும் பெஞ்சில் அவனைத் தவிர எல்லாரும் பெண்கள். வாசலில் நின்று கூப்பிடுகிற ஆள், “சின்னராசு வூட்டம்மா, உள்ள வாங்க,” என்பான். பெஞ்சில் இருந்த எல்லாரும் பெரியம்மாளைப் பார்ப்பார்கள். அவளும் எழுந்து நிற்பாள். சின்னராசு அவளுக்குப் பின்னால், துணைக்கு வந்தவன் மாதிரி நடந்து உள்ளே போவான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஊரில் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது அவன் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே முடிவு செய்துவிட்டான். ஜீப்பை விட்டு இறங்கியதும் கேட்டவர்களிடம், “நெஞ்சுல ஆபரேஷன்,” என்றான். அது பொய்யில்லை. நெஞ்சு என்றால் ஊருக்கு அது ஹார்ட்டுதான். அதோடு அவன் ஹார்ட்டுக்காரன் ஆகிவிட்டான். புளிய மரம் ஏற விடமாட்டார்கள். அவனோடு சண்டைக்கு வந்தவர்கள்கூட பாதியில் நிறுத்தி, “உனக்கு ஆவாது, போ,” என்று விட்டுவிடுவார்கள். வேர்த்துக் கொட்டினால் யாராவது ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். அவன் தண்ணீரை வாங்கிக் குடிப்பான்.

இப்போது பெரியம்மாள் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். மாடத்தில் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஒழுங்காக ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. காலையில் கஞ்சி குடித்ததும் அவன் அட்டையை அழுத்துகிற சத்தம் அவளுக்கும் கேட்டது. அப்படியானால் குற்றம் மாத்திரையில்தான் இருக்க வேண்டும்.

மாத்திரையைக் கீழே செங்கத்தில் வாங்கி வருகிறவன் ஜீப் ஓட்டுகிற குணசீலன். காலி அட்டையைக் கொடுத்தனுப்பினால் அதேபோல வாங்கி வருவான். ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் அவள் ஜீப்பருகே போய் நின்றாள்.

“ஏன்டா, நீ வாங்கியார மாத்திரை நல்ல மாத்திரைதானா?”

“இன்னாக்கா இது? மாத்திரைல நல்லது கெட்டது எனக்கு இன்னா தெரியும்? குடுக்கறான், வாங்கியாறேன்.”

“கடையை மாத்திட்டியா?”

“அதே கடைதான்க்கா. உனக்கு வாங்கறதுல போய் நான் வெளையாடுவனா?”

அவள் கை ஜீப் கம்பியிலேயே இருந்தது. “எனக்கா?”

குணசீலன் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. கார்த்திகைல ஒருநாள் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, இது பொம்பளைங்களுக்கு மார்ல வர்ற கேன்சருக்குக் குடுக்கறது, வூட்ல யாருக்குன்னு கேட்டாரு. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. மாமா ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு தனக்கு ஹார்ட்டுன்னு சொல்லிட்டு உன்னை இட்டுனு போய் பாத்துக்கறாரு. மனுசன்னா அவருதான்க்கா.”

“மாமாகிட்ட கேட்டியா?”

“கேக்கலை. பொம்பளைங்க மாத்திரையாமே மாமான்னு சொன்னேன். அவ்ளோதான். ஒண்ணும் பேசாம வாங்கினு போய்ட்டாரு. நீ ஒடம்பைப் பாத்துக்கோ.”

ஆட்கள் வந்து ஏறினார்கள். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறக்கத்தில் போனது. அவள் அங்கேயே நின்றாள். மூச்சு விடவில்லை என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. ஜீப்பில் முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் செங்கம் போய்ச் சேர்வதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவான்.

நம்பாதது சரிதான் என்று அடுத்த நாளே தெரிந்தது. குழாயடியில் பாஞ்சாலை அவள் தலையிலிருந்த குடத்தைத் தானாக வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாஞ்சாலை சின்னராசுவின் தம்பி தமிழ்மணியின் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு குடம் தூக்கிக் கொடுத்தவள் இல்லை.

“இன்னாடி புதுசா?”

“இருக்கட்டும்க்கா. நீ எதுக்கு வெயிட்டு தூக்கற?” பாஞ்சாலையின் கண் பெரியம்மாளின் முகத்தில் நிற்கவில்லை. கழுத்துக்குக் கீழே இறங்கி, இடதுபக்கம் ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே வந்தது. “எந்தப் பக்கம்க்கா?”

“இன்னா எந்தப் பக்கம்?”

“சொம்மா கேட்டேன். மாமாவுக்கும் ஒடம்பு ஆவாது. உனக்கும்… இந்த வருஷம் கூடை தூக்கறதெல்லாம் இன்னாத்துக்கு? எங்க வூட்டுக்காரரே தூக்கிடுவாரு.”

பெரியம்மாள் குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லலாம். சொன்னால் மாத்திரை யாருக்கு என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது.

கூடை என்று பாஞ்சாலை சொன்னது சாமிக் கூடையை. மேல்மலைக் காளிக்கு உள்ள சிலம்பு, சலங்கை, குத்துவாள், மயிலிறகு எல்லாம் ஒரு மூங்கில் கூடைக்குள் இருக்கும். வம்சத்தில் மூத்தவன் வீட்டில் முன்கூடத்து உத்தரத்தில் அது தொங்கும். தை மாதம் மூத்தவன் அதைத் தலையில் வைத்துச் சட்டையில்லாமல் மேல்மலைக்கு ஏறுவான். பெண்கள் கூடையைத் தொடக் கூடாது. கார்த்திகையில் காப்புக் கட்டியதும் தூக்குகிறவன் தனியாகப் படுப்பான், தானே கஞ்சி காய்ச்சிக் குடிப்பான், பெண்டாட்டி கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். ஆபரேஷன் ஆன வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சின்னராசுவால் கை தூக்க முடியவில்லை. தமிழ்மணி தூக்கினான். மூன்றாவது வருஷமும் தூக்காவிட்டால் கூடை தம்பி வீட்டுக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. அதனால்தான் இடது கை இன்னும் முழுக்க உயராதபோதும் இந்தக் கார்த்திகையில் ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்று, “நான் தூக்கறேன்,” என்று காப்புக் கட்டிக்கொண்டு வந்தான்.

“சட்டையைக் கழட்டி நிக்கணுமே,” என்று அவள் அப்போது கேட்டாள்.

“நிப்பேன். ஹார்ட்டு ஆபரேஷன் தழும்புன்னு பாத்துட்டுப் போறாங்க.”

“ஹார்ட்டு ஆபரேஷனுக்குக் காம்பை எடுப்பாங்களா?”

“இங்க எவன் ஹார்ட்டைத் தொறந்து பாத்தான்?” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

குழாயடியிலிருந்து வந்த பிறகு அவள் புருஷனைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள். எதிரில் போய் நிற்கவில்லை. அடுப்படியில் சாமை புடைக்கிறவள் மாதிரி உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாக முன்கூடத்தைப் பார்த்தாள். மனதில் வேறு வேறு எண்ணங்கள் வந்தன. நோய் திரும்பிவிட்டது, வேலூரில் இவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள், இனி மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டான். அல்லது சாவதென்றே முடிவெடுத்துவிட்டான், கூடையைக் கடைசியாக ஒருமுறை தூக்கப் பார்க்கிறான். அப்படி இருந்தால் ஊரை ஏமாற்றலாம், பெண்டாட்டியை எதற்கு ஏமாற்றுகிறான்? அட்டையை எதற்கு ஒழுங்காகக் காலி செய்கிறான்? கூடப் படுக்காத இத்தனை நாளில் தனக்குத் தெரியாத ஒரு ஆள் அந்தக் கூடத்தில் குடியேறிவிட்டது மாதிரி அவளுக்கு இருந்தது.

அவன் கஞ்சி குடித்தான். அட்டையை அழுத்தி மாத்திரையை எடுத்தான். கையை வாய்க்குக் கொண்டுபோனான். சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு எழுந்து கூடைக்கு அடியில் போய் வலது கையை மேலே உயர்த்திக் கும்பிட்டான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ இடறியது. அன்று முழுக்க அது என்னவென்று யோசித்துக்கொண்டே களத்தில் வேலை செய்தாள். சாயங்காலம் ஆடுகளை அடைக்கும்போது பிடிபட்டது. முந்தைய வருஷங்களில் விரதம் இருக்கும்போது அவன் முதலில் கூடையைக் கும்பிடுவான், பிறகுதான் வாயில் எதையும் வைப்பான். எச்சில் வாயோடு சாமிக்கு முன்னால் நிற்கிறவன் இல்லை. இப்போது மாத்திரைக்குப் பிறகு கும்பிடுகிறான். வலது கை மூடியிருக்கிறது. உயர்த்திய கை கூடையின் விளிம்புவரை போகிறது.

அடுத்த நாள் காலை காற்று அதிகம். முன்கூடத்துக் கதவு திறந்து கிடந்ததில் கூடை லேசாக ஆடியது. சலங்கை சத்தம் வந்தது. அதற்குள்ளே வேறு ஒரு சத்தமும் வந்தது. காய்ந்த புளியம்பழத்தை ஆட்டினால் உள்ளே கொட்டை அசைகிற சத்தம் மாதிரி. வீட்டில் அவள் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

அவன் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவள் கூடத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாமே, இங்க வந்துட்ட? தள்ளி நில்லு, மேல பட்றப்போவுது.”

“மாத்திரை முழுங்கினியா?”

“முழுங்கினேன்.”

“வாயைத் தொற.”

“காலங்காத்தால இன்னா வந்துச்சு உனக்கு?”

“கூடைக்குள்ள இன்னா சத்தம்?”

“சலங்கை.”

“சலங்கைச் சத்தம் எனக்குத் தெரியாதாய்யா?”

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் நடுவில் கூடை ஒருமுறை ஆடி நின்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். அவன் எந்த மௌனத்தில் கோபமாக இருக்கிறான், எந்த மௌனத்தில் பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இது பயம்.

“தூக்கிப் போடலைமே,” என்றான் கடைசியில். “காலித் தேன் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுகூட வீணாவலை. சாமி மலையேறி எறங்கினதும் எல்லாத்தையும் சேத்து முழுங்கிடுவேன்.”

“சேத்துன்னா?”

“ஒரே நாள்ல. கொறஞ்சது நேராயிடும் இல்ல.”

அவள் ஒரு எட்டு கிட்டே வந்தாள். “இன்னாத்துக்குய்யா இப்படிப் பண்ண?”

“குணசீலன் சொன்னான். அது பொம்பளைங்க மாத்திரையாம்.” அவன் தரையைப் பார்த்தான். “விரதத்துல பொம்பளை சங்காத்தம் ஆவாது. உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலை நான். அதை மட்டும் வயித்துக்குள்ள விட்டுக்கினு கூடையை எப்படித் தூக்கறது?”

சாவு, நோய், வஞ்சகம் என்று எதையெல்லாமோ நினைத்து வைத்திருந்தவளுக்கு இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

“வேலூர்லயே தெரியாதா உனக்கு? அந்த பெஞ்சில உன்னைத் தவிர எல்லாம் யாரு?”

“அப்ப காப்புக் கட்டலையே.”

“கூடைக்குள்ள இருக்கறது யாரு?”

“இன்னா கேள்வி? காளி.”

“அவ ஆம்பளையா?”

“அது வேற,” என்றான்.

“இன்னா வேற?”

“வேறதான். நீ போ. தை வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் கெடக்குது. அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது.”

“ஆயிடாதுன்னு உனக்கு யாரு சொன்னது? கட்டி வந்தப்பவும் சாமை அறுக்கறதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுன்னுதான் சொன்ன.”

அவன் இறங்கி வரவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு கூடைக்கு முன்னால் மறைத்து நின்றான். மூன்றாவது வருஷம். இதைத் தூக்கினால்தான் அவன் மறுபடியும் மூத்தவன். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதைப் பேசினாலும் அவன் காதுக்குள் போகாது என்றும் தெரிந்தது.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய், கால்விரலில் எக்கி, கையை முழங்கைவரை கூடைக்குள் விட்டாள்.

சலங்கை அதிர்ந்தது. ஏதோ ஒரு இரும்பு அவள் மணிக்கட்டில் பட்டுச் சில்லிட்டது. பாட்டில் கைக்குக் கிடைத்ததும் வெளியே எடுத்தாள். கூடவே ஒரு மயிலிறகு வந்து தரையில் விழுந்தது.

சின்னராசு கையை ஓங்கினான். ஓங்கிய இடது கை பாதிக்கு மேல் உயரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அது அவ்வளவுதான் போகும். அப்படியே இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“தொட்டுட்டேன்,” என்றாள். “தீட்டாயிடுச்சு. இந்த வருஷம் உனக்கு விரதமும் இல்ல, கூடையும் இல்ல. மாத்திரையைப் போடு.”

அவன் குனிந்து மயிலிறகைப் பார்த்தான். வாசலில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நெருப்பை வெளிற வைத்தது. அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே அது தமிழ்மணி வூட்டுக்குப் போய்டும்,” என்றான்.

“போவட்டும்.”

“ஊர் கேக்கும்.”

“நான் தொட்டேன்னு சொல்லு. நோவு வந்து புத்தி கெட்டு அவ தொட்டுட்டான்னு சொன்னா நம்புவாங்க. எனக்குத்தானே மார்ல கேன்சர்.”

அவன் நிமிர்ந்தான். “உனக்கா?”

“பொம்பளை மாத்திரைன்னா பொம்பளைக்குத்தானே? குணசீலன் அப்படித்தான் நெனைச்சுக்கினான். ஊரே அப்படித்தான் நெனைச்சுக்கினு கீது. பாஞ்சாலை என் தலைல இருந்து குடத்தை வாங்கறா. எந்தப் பக்கம்க்கான்னு கேக்கறா.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் இன்னாத்தைச் சொல்றது?”

அவன் அவளையே பார்த்தான். அவளுக்கு வேலூர் பெஞ்சு நினைவு வந்தது. அவனுக்கும் வந்திருக்கலாம். அவன் மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அதை மயிலிறகுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாட்டிலிலிருந்து ஒரே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். “ஒண்ணுதான். சேத்தெல்லாம் கெடையாது. விட்டதை இன்னா பண்றதுன்னு வேலூர்லயே கேட்டுக்கலாம்.”

வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

“நாக்கைத் தூக்கு,” என்றாள்.

தூக்கிக் காட்டினான்.

பிறகு அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினான். “கவுண்டர்கிட்ட போய்ட்டு வர்றேன். நானே சொல்லிக்கிறேன்.”

“இன்னான்னு சொல்லப் போற?”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பலா மரத்தைத் தாண்டிப் போகும்போது அவன் கை சட்டைக் கழுத்துக்குப் போனது. பொத்தானை அவிழ்க்கிறானா, இல்லை வெறுமனே சொரிந்துகொள்கிறானா என்று அங்கிருந்து அவளுக்குத் தெரியவில்லை. உச்சி வெயிலுக்குத் திரும்பி வந்தவன் அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாயங்காலம் தமிழ்மணியும் இன்னும் இரண்டு ஆண்களும் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூடையை இறக்கிக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் சின்னராசுவின் சட்டையைத்தான் பார்த்தார்கள். மறுநாள் குழாயடியில் அவள் குடத்தை யாரும் வாங்கவில்லை. பாஞ்சாலை நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஆம்பளைக்கும் மெய்யாலுமே வருமா?”

“யாரு சொன்னது?”

“மாமாதான். கவுண்டர் வூட்டு முன்னால சட்டையைக் கழட்டி நின்னுட்டாராமே. நேத்துலேர்ந்து எங்க வூட்டுக்காரரு சட்டைக்குள்ள கையை விட்டு விட்டுப் பாத்துக்கினு இருக்காரு. அவரு மட்டுமில்ல, ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் அதே வேலைதான்.”

“பாக்கட்டும். கட்டி கிட்டி தட்டுப்பட்டா பச்சிலை வெச்சுக் கட்டாத. நேரா வேலூர் இட்டுனு போ,” என்றாள் பெரியம்மாள். குடத்தைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் அவன் மாத்திரை போட்டுக்கொண்டான். தினமும் அவள் நாக்கைத் தூக்கச் சொன்னாள். ஒருநாள்கூட நம்பவில்லை. அவன் எழுந்து போனதும் உட்கார்ந்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டிப் பார்ப்பாள். மாடத்தில், கூரை இடுக்கில், உத்தரத்தில் கூடை தொங்கிய வெறுங்கொக்கியில்கூடக் கண் போகும். மார்கழி முடிகிறவரை அவன் கம்பளியை விடவில்லை. வேர்க்கவில்லை.

தை மாதம் மேல்மலைக்குக் கூடை ஏறிய அன்று இருவரும் போகவில்லை. கொட்டுச் சத்தம் காலையிலிருந்தே மலைமேல் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மாளுக்குச் சூடு ஏறியது. முறத்தை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சின்னராசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கம்பளி இல்லை. சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்து கிடந்தன. தழும்பின் ஒரு முனை தெரிந்தது. மேல்மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நெற்றி ஈரமாக இருந்தது.

அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இலைகளில் பனி இன்னும் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் துளியாகவும் இருக்கலாம். வரும்போது முகம் கழுவியிருக்கலாம். தன்னை நம்ப வைக்கவே தண்ணீரைத் தொட்டுத் தடவிக்கொண்டு வந்திருக்கவும் கூடும்.

கையை நீட்டி அவன் நெற்றியை ஒரு விரலால் வழித்தாள்.

“இன்னாமே?” என்றான்.

அவள் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. முறத்தை அவன் பக்கம் திருப்பி விசிற ஆரம்பித்தாள்.